மூன்று வரிக்குள்

டிசம்பரின் கடைசி வேலைநாள்.
யூனியன் பிளேஸ் ஷோரூமில்
தலைமைக் காரியாலயம் அனுப்பிய படிவத்தை
நிரப்பிக்கொண்டிருக்கிறேன்.

இலக்கு: இருநூற்றிருபது.
விற்றது: நாற்பத்தொன்று.
அதிலொன்று நானே வாங்கியது,
ஊழியர் விலைக்கு, ஆறு வருட லீசிங்கில்.

கடைசிக் கட்டம்:
பின்தங்கியமைக்கான காரணங்கள்,
மூன்று வரிக்கு மேற்படாமல்.

எதிர்ப்பக்கத்துக் கொம்பனி ஆயிரத்தைத் தாண்டியதாம்.
கிரிபத் பொங்கினார்கள்.
எங்களுக்கும் வந்தது
ஆளுக்கொரு துண்டு, கட்டைச் சம்பலோடு.
நன்றாகத்தான் இருந்தது.

'டொலர் என்று எழுதுங்கள்' என்கிறார் மிஸ்டர் வீரக்கொடி.
அவர்களுக்கும் அதே டொலர்தானே, சேர்?
'அப்படியென்றால் வரி.'
வரி என்று ஒரு வரி.
துறைமுகத்தில் அது ஆள்பார்த்து அறவிடுவதில்லை
என்று நான் சொல்லவில்லை.
அவருக்கும் தெரியும்.

மார்ச்சில் கொட்டாஞ்சேனையிலிருந்து வந்தார்கள்
புருசனும் பெண்சாதியும்.
நிறம் பிடித்திருந்தது.
அந்தம்மா பின்சீட்டில் சாய்ந்து
கண்ணை மூடியும் பார்த்துவிட்டார்.
பேனையைத் திறந்த நேரம் மச்சானின் அழைப்பு:
'விற்கப்போனால் எவன் வாங்குவான்?'
தாலி கட்டுமுன்னே
ஜீவனாம்சம் பேசுகிற ஊர் இது.
பேனை மூடியது.
தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் போனார்கள்.

ஓகஸ்டில்
ஆமர் வீதிச் சந்தியில் ஒரு முச்சக்கரவண்டி
என் இடப்பக்கக் கண்ணாடியைத் தட்டிக்கொண்டு போனது.
எங்கள் ஸ்டோர்ஸில் கேட்டேன்:
கப்பலில் வரும், நான்கு மாதம்.

பஞ்சிகாவத்தை முழுக்க ஏறி இறங்கினேன்.
இறைச்சிக்கடைத் தொடைகள்போல் தொங்கும் பம்பர்கள்,
கூடையில் குவிந்த ஹெட்லைட்டுகள்
எல்லாம் என்னையே பார்த்தன.
லாஃபிர் நானா கணக்குக் கொப்பியிலிருந்து
தலை நிமிர்த்தாமலே சொன்னார்:

'உந்தச் சாதிக் காருக்குக் கண்ணாடி இல்ல மிஸ்.
ஒருத்தனும் கழட்டுறானில்லயே.
கேக்க ஆளிருந்தாத்தானே
அவனும் ராவுல கண் முழிப்பான்.'

கள்ளனும் கைவிட்ட பிராண்ட்.

இதைத்தான்
ஒரு ஆலோசகருக்கு மூன்று லட்சம் கட்டி
கலர் கலராய்க் கிராப்பில் வாங்கியிருந்தோம்.
அதில் கள்ளன் இல்லை.

ஒட்டுநாடா சுற்றிக்கொண்டு ஓடினேன்
செப்டம்பர், ஒக்டோபர், மழையெல்லாம்.

இன்று காலை வெள்ளவத்தையில்,
எங்கள் ஒழுங்கையில்,
வலப்பக்கக் கண்ணாடியைக் காணவில்லை.
ஒரு கீறல் இல்லை. வயர் நுனிகூடப் பிய்யவில்லை.
தொழில் தெரிந்த கை.

வாயில் வந்ததெல்லாம் சொல்லித் திட்டினேன்.
மாடியில் துணி காயப்போட்டவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.
பிறகுதான் உறைத்தது:
யாரோ கேட்டிருக்கிறார்கள்.
விலை பேசி, முற்பணம் கொடுத்து,
இந்தச் சாதிக் காருக்கென்றே கேட்டிருக்கிறார்கள்.

என்னைத் தவிர்த்தால் நாற்பது பேர்.
பட்டியல் என் கணினியில் இருக்கிறது.
தெஹிவளை டொக்டர் மிஸிஸ் கஃபூரா?
ஒவ்வொரு சேர்விஸுக்கும் பில்லைத் திருத்துகிற
மட்டக்குளி சவரிமுத்துவா?
எடுத்துப் பேசலாம்,
விற்பனைக்குப் பிந்திய சேவையென்று:
'வாகனம் எப்படி? கண்ணாடியெல்லாம் சரிதானே?'

இரண்டு தரம் தொலைபேசியைத் தூக்கி
வைத்துவிட்டேன்.

முதல் வரி: டொலர்.
இரண்டாம் வரி: வரி.
மூன்றாவதில் எழுதினேன்,
'ஆண்டிறுதியில் சந்தையில்
எமது வாகனத்துக்கான கேள்வி
உருவாகும் அறிகுறிகள் தென்படுகின்றன.'

மிஸ்டர் வீரக்கொடி இருமுறை வாசித்தார்.
'ஆதாரம் இருக்கிறதா?'
இருக்கிறது சேர், என்றேன். கீழே நிறுத்தியிருக்கிறேன்.
அவர் விளங்காமலே கையொப்பம் வைத்தார்.

ஐந்தரைக்கு டூப்ளிகேஷன் வீதியில் இறங்குகிறேன்.
பக்கம் மாற ஒவ்வொரு தடவையும்
ஜன்னலால் தலையை நீட்டி
திரும்பிப் பார்க்கவேண்டியிருக்கிறது.
பின்னால் வருகிறவன் ஹோர்ன் அடிக்கிறான்.
அவனுடையது எதிர்ப்பக்கத்துக் கொம்பனி,
இரண்டு கண்ணாடியும்
நட்டுப் போட்டு இறுக்கியிருக்கிறான்.