சுண்ணாம்புத் தட்டு

தருமபுரி பட்டுக்கூடு அங்காடி.
ஒன்பதரைக்கு ஏலம் நின்றுபோனது.
திரையில் பென்னாகரத்து மாதப்பனின் எடை
நாற்பத்திரண்டு கிலோ நானூறு கிராமில்
உறைந்து கிடந்தது.
கூட்டுக்குள் இருப்பது உயிர். அது காத்திருக்காது.
குவியலுக்குள் கைவிட்டுப் பார்த்த நூற்பாளர் ஒருவர்
"சூடு ஏறுதுங்க" என்றார்,
யாரையும் பார்க்காமல்.

இலக்கியம்பட்டியில் ஒரு பிரிண்டரை
வயிறு திறந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.

ஆறு கணினி. ஆறிலும் விசிறி
மாவு மில்லைப் போல இரைந்தது.
விசைப்பலகை மேல் ஒரு விரல்கூட இல்லை.
வேலை மட்டும் நடந்துகொண்டிருந்தது.
டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன்.
சட்டென்று அமைதி.
மூடினேன். மறுபடி இரைச்சல்.
டிக்கெட் பரிசோதகர் ஏறியதும்
தூங்கிப்போகிறவனைப் போல.

"புழு" என்றேன்.
எழுத்தர் தீர்த்தகிரி சிரித்துவிட்டார்.
இந்தக் கட்டடத்தில் அந்தச் சொல்லுக்கு
வேறு மரியாதை.

"எங்க புழு இலை தின்னு கூடு கட்டும்.
இது என்ன தின்னுது?"
கரண்ட்டு.
"என்ன கட்டுது?"
காசு. கையில் பிடிக்க முடியாத காசு.
ஓயாமல் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தால்
என்றைக்கோ ஒரு துணுக்கு விழும்.
"யாருக்கு?"
தெரியாது.
மின்கட்டணம் மட்டும் அங்காடி பெயருக்கு வரும்.

ஒன்றில் நுழைந்தால் போதும்,
மற்ற கதவுகளை அதுவே தட்டும்.
மூன்று வருடமாய்ப் 'பிறகு நினைவூட்டு' என்று
தள்ளிப்போட்ட அப்டேட், ஓர் ஓட்டை.
ஆறுக்கும் ஒரே பாஸ்வேர்டு, அதுவும் ஊரின் பின்கோடு.
அதை ஓட்டை என்று சொல்ல முடியாது. வாசல்.

முதலில் ஆறு கேபிளையும் பிடுங்கினேன்.
ஒன்றைக் கழுவும்போது
பக்கத்தில் இருப்பது மறுபடி ஊதிவிடக் கூடாது.
நிறுத்தினேன்; பத்து நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்தது.
தன்னை எழுப்ப ஆள் வைத்திருந்தது,
நேரம் குறித்து, விண்டோஸின் பெயரிலேயே.
எழுப்புகிறவனை முதலில் நீக்கு,
பிறகுதான் தூங்குகிறவனை.
அப்டேட் போட்டேன். ஆறு பாஸ்வேர்டு, ஆறு விதம்.
தீர்த்தகிரி அவற்றை லெட்ஜரின் முதல் பக்கத்தில்
எழுதப் போனார். கையைப் பிடித்தேன்.

ஒரு மணிக்கு ஏலம் தொடங்கியது.
மாதப்பனுக்குக் கிலோவுக்கு இருபது ரூபாய் குறைந்தது.
அதை எந்தக் கணினியிலும் திருத்த முடியவில்லை.

வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது.

எடைக்கூடத்துப் பரணில்,
கிழிந்த சாக்குகளுக்குப் பின்னால்,
கேமரா பதிவுக்குப் போட்ட பழைய பெட்டி.
ஏழாவது. போட்டவள் நான்தான்.
எண்ணும்போது நானும் அதை எண்ணவில்லை.
மார்கழிக் குளிருக்கு அதன் மேல் ஒரு பல்லி
இதமாகப் படுத்திருந்தது.

அதில்தான் பதிவு அழியாமல் இருந்தது.
முதல் கோப்பு இறங்கியது
நவம்பர் பதினொன்று, மாலை நாலு பத்து.
நான் கேமரா மாட்டிய மாலை.
என் பென்டிரைவ்.
அன்று காலை அதைச் செருகியிருந்தது
பாலக்கோட்டில், ஒரு பள்ளிக்கூட லேபில்.

சொல்லாமல் இருந்திருக்கலாம்.
பில் புத்தகம் கையில்தான் இருந்தது.
சொன்னேன்.

தீர்த்தகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"புழு வளர்க்கற கொட்டாய்க்குள்ள போறவங்க
சுண்ணாம்புத் தட்டுல கால வெச்சுட்டுத்தான் போவணும்.
இலை கொண்டு வர்றவன், ஆபீசரு, யாரானாலும்.
நோய் தானா நடக்காதும்மா.
நம்ம செருப்பப் போட்டுக்கிட்டுத்தான் வரும்."

பில்லில் பாதியை அடித்தேன்.
டீக்கு அவரே கொடுத்தார்.

ராத்திரி பென்டிரைவை முழுக்க அழித்தேன்.
நம்பிக்கை வராமல் இன்னொரு முறை.
நாளை பாலக்கோடு.
லேபில் முப்பது கணினி என்று ஞாபகம்.
பரணில் எத்தனை என்று கேட்க வேண்டும்.