உயிரோடு இருப்பதற்கு ஒரு தாள்

நவம்பர் பிறந்தால் என் கடையில் கூட்டம்.
காவேரிப்பட்டணம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஜெராக்ஸ், பான் கார்டு, பட்டா நகல் என்று
பலகை தொங்கும்.
பலகையில் எழுதாத வேலை ஒன்று:
உயிரோடு இருப்பவர்களை
உயிரோடு இருப்பதாக நிரூபிப்பது.

சுபேதார் குப்புராஜ் வருவார்,
யார் இடம் விட்டாலும் வரிசையில்தான் நிற்பார்.
பனிமலையில் மூன்று கால்விரல்களை விட்டு வந்தவர்.
அவர் சொல்ல மாட்டார்.
செருப்பு சொல்லும்.

இன்று காலை சென்னம்மாள்.
ஹவில்தார் திம்மராயனின் மனைவி.
"கட்டைவிரலை வைங்கம்மா."
வைத்தார். கருவி சிவப்பாக விழித்தது.
ஆள்காட்டி விரல். சிவப்பு.
இன்னொரு கை. சிவப்பு.
இருபத்தாறு வருடம் புளி தட்டிய கை.
ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை நீக்கி
ரேகையும் புளியோடு போயிருக்கிறது,
கிலோவுக்கு இத்தனை என்று.
முந்தானையில் துடைத்துத் துடைத்து வைக்கிறார்.
அரசாங்கத்தின் கணக்கில் அவர் இன்னும் இல்லை.
எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு வியர்த்தது.

பிறகுதான் கண்.
"இமைக்காம பாருங்க."
"அந்த வேலைதான் எனக்கு நல்லாத் தெரியுமே" என்று சிரித்தார்.
பதினேழு வருட சர்வீசில்
விடுப்பையெல்லாம் கூட்டினால்
அவர் வீட்டில் இருந்தது மூணு வருசம் தேறாதாம்.
மகள் பிறந்ததற்குத் தந்தி.
மாமனார் செத்ததற்குத் தந்தி.
கிணறு வற்றியதை மட்டும் எழுதவே இல்லை.
"துப்பாக்கி பிடிக்கற மனுசனுக்கு
இங்க தண்ணி இல்லன்னு சொல்லி
என்ன ஆகப்போவுது?"
பச்சை விளக்கு எரிந்தது.

அடுத்த கேள்வி
ஒவ்வொரு வருடமும் எனக்குக் கூசும்.
மறுமணம் செய்துகொண்டீர்களா?
ஆம், இல்லை. இரண்டு கட்டம்.
"இந்த வருசமும் இல்லன்னு போடு" என்றார்,
சந்தையில் வெற்றிலை வாங்க மறந்ததைச் சொல்வதுபோல.

முப்பது ரூபாய் ஆகும். வேண்டாம் என்றேன்.
கூடவே சொல்ல நிறைய வைத்திருந்தேன்:
உங்க வீட்டுக்காரரு, எல்லை, நாங்கெல்லாம் நிம்மதியா...
வாயைத் திறக்குமுன்பே
ஆகஸ்டு பதினைந்து மைக் சத்தம் எனக்கே கேட்டது.
விட்டுவிட்டேன்.
"அடுத்த வருசம் நீங்க அலைய வேணாம்,
நானே மெசினை எடுத்துட்டு வீட்டுக்கு வரேன்."
"அய்யய்யோ, வந்துடாத சாமி.
வருசத்துல இந்த ஒரு நாள்தான்
தனியா உட்கார்ந்து மசால் தோசை திங்கறேன்."
மூன்று பத்து ரூபாய் நோட்டுகளை
நீவி மேசையில் வைத்தார்.

அச்சடித்த தாளை நீட்டியபோதுதான் பார்த்தேன்.
இத்தனை வருடமாக நான் பார்க்காதது.
இங்கிலீஷில் அவர் பெயர் திம்மராஜன்.
"மொத நாள்ல இருந்தே தப்புதான்.
சேர்க்கும்போது எந்தக் காதுல எப்படி விழுந்துச்சோ.
மாத்தப் போனா பென்சன் நின்னுடும்னாங்க."
கொஞ்சம் நிறுத்தி,
"பெட்டி மேலயும் அந்தப் பேர்தான் வந்துச்சு.
நான் முகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்."

வெளியே ஓசூர் பேருந்து ஆள் கூவிக்கொண்டிருந்தது.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
நீலப் பேனாவை எடுத்தேன்.
அவர் வைத்துக்கொள்ளும் நகலில் மட்டும்
அந்தப் பெயரை ஒரு கோடு போட்டு அடித்து
மேலே தமிழில் எழுதினேன்:
திம்மராயன்.
சட்டப்படி செல்லாது.
எந்த அலுவலகமும் ஏற்காது.
எனக்குத் தெரிந்த நன்றி அவ்வளவுதான்.

சென்னம்மாள் தாளைத் தள்ளிப் பிடித்து,
கண்ணைச் சுருக்கி, எழுத்தெழுத்தாகப் படித்தார்.
பையில் வைக்கவில்லை.
மை காயட்டும் என்று
மடிக்காமல் கையில் பிடித்தபடியே
தோசைக் கடைப் பக்கம் நடந்தார்.