நாலு தத்து

நேராக எறிந்தால் வள்ளத்தில் படும்.
உயர எறிந்தால் கண்டல் கிளை வாங்கிக்கொள்ளும்.
இறங்குதுறைப் பலகைக்கும் நீருக்கும் இடையில்
ஒரு சாண் வெளி இருக்கிறது,
வற்றில் ஒன்றரைச் சாண்.
கொடுவா அதற்குள்தான் கிடக்கிறது.
வெயில் ஏறினால் வெளியே வராது.
எனக்கோ எட்டரைக்கு வேலை.

ரப்பர் இறால் கொழும்பிலிருந்து பார்சலில் வந்தது.
வெள்ளை, வாலில் மட்டும் ஒரு சிவப்பு.
ஐந்து, நாலாயிரத்துச் சொச்சம்.
குருநகரில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்க
ஒரு துணிச்சல் வேண்டும்.
அலோசியஸ் வலையை உதறிக்கொண்டே கேட்டார்:
“மிஸ்ஸி, உயிர் இறால் கிலோ என்ன விலை எண்டு தெரியுமே?”
தெரியும்.
உயிர் இறால் தத்தாது.

முதற் கிழமை முழுக்க
இதுவும் தத்தவில்லை.
தொப். தொப். தொப்.
ஒருமுறை பலகையில் பட்டுத் திரும்பி
என் காதோரமாகப் போனது.
ஒருமுறை, மரிய கொறற்றி என்று
நீலத்தில் எழுதிய அவருடைய வள்ளத்தில்,
‘ற்’றின் புள்ளியிலேயே கொக்கி குத்தி நின்றது.
கழற்றித் தந்தார். ஒன்றும் சொல்லவில்லை.
அதுதான் கூடக் கூசியது.

கிளையில் இப்போது மூன்று இறால் தொங்குகின்றன.
நாலாவது எங்கே என்று எனக்கே தெரியாது.
காகம் ஒன்று வந்து
ஒன்றைக் கொத்திப் பார்த்து
அவமானப்பட்டதுபோலப் பறந்தது.

நாள் முழுக்க நான் பிறர் வாய்க்குள் வேலை செய்கிறவள்.
கண்ணாடியைச் சாய்த்து
நாக்குக்கு மேலால், கன்னத்தைத் தொடாமல்,
கடைவாய்ப் பல்லின் பின்புறம் போவேன்.
அங்கே பலம் உதவாது.
பலம் போட்டால் ஆள் கத்தும்.
செவ்வாய்க்கிழமை ஒரு பெடியனின் ஞானப்பல்.
உறிஞ்சுகுழாயை அடிநாக்கில் பிடித்தபடி
தற்செயலாக என் மணிக்கட்டைப் பார்த்தேன்.
தாழ்ந்து, தட்டையாக,
எனக்குச் சொல்லாமலே
எல்லாம் தெரிந்துகொண்டு இருந்தது.

இவ்வளவு நாளும் தோளால் எறிந்திருக்கிறேன்.

பிறகு பக்கவாட்டாக. முழங்காலை மடித்து,
தடியின் நுனி நீரை உரசுமாப்போல.
நிழலைக் குறிவைக்கக்கூடாது.
நிழலுக்கு இரண்டு முழம் இங்காலே
வெயில் விழும் நீரைத்தான் அடிக்கவேண்டும்,
மிச்சத்தை நீரே கொண்டுபோகும்.
இதை நம்பத்தான் எனக்கு நாளெடுத்தது.

இரண்டு தத்தியது. பிறகு இரண்டே இரண்டுதான், நாலு நாளாக.
ஒருநாள் மூன்றும் ஒரு சறுக்கலும்,
பவுடர் கூடிப்போன கரம் பலகையில்
காய் வழுக்குவதுபோல.

பதினாறாம் நாள், பெருக்கு இறங்கிய நேரம்.
காற்றில்லை. பண்ணைப் பக்கம்
பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது.
எறிந்தேன்.
தத். தத். தத்.
நாலாவது எனக்குக் கேட்கவில்லை.
பலகைக்கு அடியில் இருட்டுக்குள்ளிருந்து
வளையம் மட்டும் வெளியே வந்தது,
ஒன்றன்பின் ஒன்றாக,
உள்ளே ஆரோ கதவைத் திறந்து பார்த்ததுபோல.

வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
ரீலின் கம்பியை மூடவில்லை.
நூல் தளர்ந்து
பிள்ளைகள் கிறுக்கிய எழுத்தாக நீரில் கிடந்தது.
அப்போதுதான் அடித்தது.
இருட்டுக்குள் பலகை முறிந்த சத்தம்.
எழுத்தெல்லாம் ஒரே கோடாகி
என் விரலைச் சுட்டுக்கொண்டு ஓடியது.
தூணில் ஒட்டியிருந்த சிப்பி
அதை அறுத்தது.

“நாலு” என்றார் அலோசியஸ்.
அவர் எண்ணிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.
எந்த நாளிலிருந்து என்று கேட்கவுமில்லை.
விரலை வாயில் வைத்தேன். உப்பு.

மணி எட்டு ஐந்து.
தண்ணீர் முழங்காலளவுதான்.
சப்பாத்தைக் கழற்றி வள்ளத்துக்குள் வைத்துவிட்டு
சீருடையை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி
கண்டலில் தொங்கும் மூன்றையும் எடுக்க
இறங்கினேன்.