கீழ்க்கண்டவற்றை வேண்டுகோளாக மாற்றுக

பாபுராவ் தெருவில் என் கடைப் பலகையில்
தமிழுக்கு மேலே வங்காளம் இருக்கும்.
ஆஸ்பத்திரித் தெரு அப்படி.
நோயாளி எதைப் பேசுகிறாரோ அதுதான் வியாபாரம்.
நானும் பாதி கற்றுக்கொண்டேன்,
ஸ்கேன் ரிப்போர்ட்டுக்கு எத்தனை நகல்
என்று கேட்கிற அளவுக்கு.

ஜூன் மாதம். வெயில்
கோட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இறங்க மாட்டேன் என்றது.
சலோஷ்னா மூணசாமி கையெழுத்தில் நான்கு பக்கம் நீட்டினார்.
வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும்.
ஏழாம் வகுப்பு, ஜூலு, அரையாண்டுத் தேர்வு.
ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்.
கணவர் முதுகுத்தண்டில் பிளேட்டோடு
மூன்றாம் மாடியில் குப்புறப் படுத்திருக்கிறார்.

முகத்தைப் பார்த்தால் காட்பாடி.
"தமிழ் தெரியாதா?" என்றேன்.
லேமினேஷனுக்கு நின்றவர் எனக்கு முன்னால்
உச்சுக் கொட்டினார்: ச்சு, ச்சு.
வேலூர் வந்ததிலிருந்து இது பதினோராவது உச்சாம்.
எண்ணி வைத்திருக்கிறார்.

"அது எங்களுக்கு எழுத்து," என்றார்.
முன்பல்லில் நாக்கை ஒட்டி எடுத்தால்
புத்தகம் என்ற சொல்லுக்குள் போய் உட்காரும்.
கன்னத்தோரம் மாடு ஓட்டும் சத்தம்
மன்னிப்பில் இருக்கிறது.
அண்ணத்தில் சோடா மூடி திறக்கும் சத்தம்
உண்மையில்.

நாங்கள் பரிதாபத்துக்கும் மாட்டுக்கும்
சில்லறையாய்ச் செலவழித்ததை
யாரோ சேர்த்துவைத்து
வீடு கட்டியிருக்கிறார்கள்.

அடிக்க ஆரம்பித்தேன்.
எல்லாம் தெரிந்த ஆங்கில எழுத்துதான், ஒரு சொல்லும் தெரியாது.
கணினி ஒவ்வொன்றின் கீழும் சிவப்புக் கோடு போட்டது.
ஒரு மொழி முழுக்கவே எழுத்துப்பிழையாம்.
அவர் திருத்தியது ஒரே இடத்தில்:
க்யூ வர வேண்டிய இடத்தில் சி போட்டு
உண்மையை உடைத்திருந்தேன்.

கீபோர்டுக்கு அடியில் ஒரு ரசீது.
என்ன இது என்றார்.
மகள் பூவிழி, நான்காம் வகுப்பு,
வகுப்பில் தமிழ் பேசியதற்கு அபராதம் ஐந்து ரூபாய்.
அவர் சிரிக்கவில்லை.
வீட்டில் ஜூலு பேசுகிற பெற்றோரே
ஆங்கிலம் போதும் என்று கையெழுத்துப் போட்டுத் தருவார்களாம்.
பிள்ளைகள் கேட்பார்களாம்:
மிஸ், இதைப் படித்தால் வேலை கிடைக்குமா?
"என்னைப் பாருங்கள் என்பேன்.
இந்தியக்காரி ஜூலு சொல்லித்தருவதைப் பார்த்து
அவர்களுக்கு இன்னும் சந்தேகம் வரும்."

மூன்றாம் கேள்விக்கு மட்டும் அர்த்தம் கேட்டேன்.
வரிகள் அவ்வளவு குட்டையாக இருந்தன.

கொண்டா.
தூக்கு.
துடை.
நாளைக்குச் சீக்கிரம் வா.

"சின்ன வயதில் எங்கள் வீட்டு ஜூலு
மொத்தமே இவ்வளவுதான்," என்றார்.
"சமையலறையில் தோக்கோசிலேவிடம் பேச இது போதும்.
ஏவல் வினை தவிர இலக்கணமே கிடையாது எங்களுக்கு.
பள்ளியில் ஆப்பிரிக்கான்ஸ் கட்டாயம்.
தெரு முழுக்கக் கேட்ட பேச்சு
பாடத்தில் இல்லை.
முப்பத்தி நாலு வயதில் மாலை வகுப்பில் சேர்ந்தேன்.
'தயவுசெய்து' வர ஒரு வாரம் ஆனது.
அதிலும் அந்த உச்சு இருக்கிறது.
தடுத்தது நாக்கு இல்லை."

மின்னஞ்சல் போன பிறகு பணம் வேண்டாம் என்றேன்.
எண்ணி வைத்துவிட்டுப் போனார்.
போகும்போது அவர் சொன்னதில் ஒரு சோடா மூடி திறந்தது;
எந்தச் சொல் என்று கேட்க விட்டுவிட்டேன்.

கரண்ட் போயிற்று.
பின்னால் திரும்பி, "டேய் நசீர், தண்ணி
கொண்"
என்பதற்குள் பாதியில் நின்றேன்.
பத்து வருஷமாக இவனிடம் நான் பேசுவதிலும்
மூன்றாம் கேள்விதான் இருக்கிறது.

"நசீர், கொஞ்சம் தண்ணி தர்றியாப்பா?"

இருட்டில் அவன் எழுந்து வந்து
என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தான்.
"என்னண்ணா, ஜுரமா?"