பகாசுரன் வந்த வெள்ளிக்கிழமை

விடிய விடிய ஆடுகிற கதையை
முக்கால் மணி நேரத்தில் முடித்துத் தர முடியுமா என்று
போனில் கேட்டபோது
மாதப்பன் வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை.
"கூத்தைக் குறுக்கலாம் டீச்சர்,
வேஷத்தைக் குறுக்க முடியாது.
முகம் போடவே ரெண்டு மணி நேரம்."
எட்டு மணிக்கே வந்துவிடுங்கள் என்றேன்.
தலைமையாசிரியை கிருபாவதி ஆயிரம் போட்டார்,
நான் ஆயிரம்,
மிச்சத்துக்கு மேலாண்மைக் குழுவில்
ஒவ்வொரு வீடாகப் போய்க் கையெழுத்து.

சீரியன்கொட்டாய் தொடக்கப்பள்ளி வாசலில்
குட்டியானை வண்டியிலிருந்து இறங்கினார்கள்:
ஏழு பேர், ஒரு ஆர்மோனியம், மூன்று மரப்பெட்டி.
மூன்றாம் வகுப்பை அவர்களுக்கு ஒழித்துக் கொடுத்தோம்.
ஜன்னல் கம்பிகளுக்கிடையே
இடமிருந்த அளவுக்கு முகங்கள்.
காலை வழிபாட்டுக்கு ஒருவரும் வரவில்லை,
நானும் கூப்பிடவில்லை.
புடவைக் கொசுவத்தைச் செருகிக்கொண்டிருந்த தங்கவேலுவிடம்
ஒன்றாம் வகுப்பு தர்ஷிகா கேட்டாள்:
நீங்க அக்காவா, அண்ணனா?
மூக்குத்தியைத் திருகியபடி அவர் சொன்னார்:
"மத்தியானம் வரைக்கும் குந்தி.
அப்புறம் பாலக்கோடு பஸ்ஸுக்குப் போகணும்."

கிரீடம் நிலைப்படியில் இடித்தது.
புஜகீர்த்தியும் உள்ளே மாட்டிக்கொள்ள
நண்டு மாதிரி பக்கவாட்டில் வெளியே வந்தான் பகாசுரன்.
சிரிப்பு.
கூடவே எல்லோருடைய கையும் வாய்க்குப் போனது.

எங்கள் பிள்ளைகள் அப்படித்தான் சிரிப்பார்கள்.
முளைக்கிற பல்லிலேயே
பழுப்பாகக் கோடு கிழித்துவிடும் இந்த ஊர் போர்த்தண்ணீர்.
ஒகேனக்கல் குழாய் மேல்தெருவோடு நின்றுபோனது.
போட்டோ என்றால் உதட்டை இறுக்கிக்கொள்வார்கள்;
நான்கு வருஷத்து ஆண்டுவிழாப் படங்களிலும்
யாரோ இப்போதுதான் திட்டியது போல நிற்கிறார்கள்.

புளியமரத்தடியில் முகவீணை இழுத்தது.
சோற்று மணி அடித்தும் ஒருவரும் எழவில்லை,
சாலம்மா தட்டுகளை அங்கேயே கொண்டுவந்தார்.
"வண்டிச் சோறு எங்கேடா?" என்று
பகாசுரன் வாயைப் பிளந்தான்.
முகமெல்லாம் சிவப்பு, காதுவரை மீசை,
உள்ளே
மேல்வரிசை முழுக்கப் பழுப்பு.

நான்காம் வகுப்பு மாதேஷ் தட்டோடு எழுந்து நின்றான்.
"டீச்சர், அவரும் நம்ம போர்த்தண்ணி குடிச்சவரு!"

எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
சலங்கை நின்றது.
அரக்கன் குரலை விடாமலே கேட்டான்:
"எந்த ஊரு போருடா அது? எத்தனை அடி?"
"எண்ணூறு!"
"எங்க ஊர்ல ஆயிரத்து இருநூறு.
அதான் என் பல்லு உன்னோடதைவிட முத்தல்."
விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக் காட்டினான்.
"எல்லாரும் காட்டுங்கடா,
அசுரனுக்கு யார் யார் சொந்தம்னு பார்க்கலாம்."

நாற்பத்தொரு வாய்.
குறுக்கே ஒரு கையும் இல்லை.
கரண்டியை இடுப்பில் ஊன்றியபடி
சாலம்மாவும் காட்டினார்.

அதற்குப் பிறகு பீமன் வந்து என்ன செய்ய?
அவன் கதையைத் தூக்கினால் "அடிக்காதே" என்று கூச்சல்.
தர்ஷிகா தன் முட்டையில் பாதியை
எடுத்துக்கொண்டு ஓடினாள்.
கதைப்படி பகாசுரன் சாக வேண்டும்.
முட்டையை விழுங்கிவிட்டுச் செத்தான்,
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.

ஒன்றிய அலுவலகத்துக்கு அறிக்கை:
கலைஞர்கள் ஏழு. பயனடைந்தோர் நாற்பத்தொன்று.
கற்றல் விளைவு என்ற கட்டத்தில்
நாட்டுப்புறக் கலை பற்றி அறிந்தனர் என்று எழுதினேன்.
பொய்யில்லை.

தண்ணீருக்கு எழுதிய மூன்று மனுக்களின் நகல்
பீரோவில் இருக்கிறது.
நான்காவதை நேற்று ராத்திரி எழுதினேன்.
அன்றைக்கு எடுத்த படத்தையும் அதில் வைத்துக் குத்தியிருக்கிறேன்:
சுற்றிலும் பிள்ளைகள், எல்லாப் பல்லும் தெரிய.
நடுவில் கிரீடத்தோடு செத்துக் கிடப்பது யார் என்று
கேட்பார்கள்.
கேட்கட்டும்.