பன்னிரண்டாவது பினியன்

கப்பலூர் பேட்டையில் இரண்டாம் ஷிஃப்ட்.
கசகசா அளவு எஃகுக் குண்டுகள்
பெட்டிக்குள் பாய்கிற சத்தத்தை
தகரத்தில் ஆலங்கட்டி விழுவதுபோல என்று
சேர்ந்த வாரம் சொன்னேன்.
இப்போது சொல்வதில்லை. அது அதன் சத்தம்.

பார்க்க வருகிறவர்களிடம் முதலாளி
அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி என்று ஆரம்பிப்பார்.
சிரிப்பார்கள்.
அடி இல்லை ஐயா.
ஒவ்வொரு குண்டும் ஒரு குழி போடுகிறது,
குழிபட்ட தோல் விரியப் பார்க்கிறது,
கீழே உள்ள இரும்பு இடம் தரமாட்டேன் என்கிறது.
விரியவும் முடியாமல் விலகவும் முடியாமல்
முகூர்த்த நாளில் செக்கானூரணி பஸ் மாதிரி
நெருக்கிக்கொண்டு நிற்கிறதே,
அதற்குள் விரிசல் எங்கே காலை வைக்கும்?
இதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சோதனைத் தகடு ஒன்றை நாலு திருகில் இறுக்கி
முதலில் அதைத்தான் உள்ளே விடுவேன்.
திருகைக் கழற்றியதும்
அடிபட்ட பக்கம் வயிறு தள்ளி வளையும்.
எவ்வளவு வளைந்ததோ அதுதான் அன்றைய கணக்கு.
பல்லின் அடிவேரில் எப்போதும் எனக்குச் சந்தேகம்,
குண்டு எட்டாத முடுக்கு.
பத்து மடங்குக் கண்ணாடியில் பல் பல்லாகப் பார்த்து
தொண்ணூற்றெட்டு என்று எழுதுவேன்.
அதற்குமேல் கண்ணுக்குப் பிரியாது.
அதையே முழுசு என்று வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வந்தார்.
பினியனைக் கட்டைவிரலால் தடவி
"ஏனுங்க, விபூதி பூசினாப்ல இருக்குது,
ஒரு பளபளப்பே இல்லீங்களே" என்றார்.
அவர் கார் வாடிப்பட்டி தாண்டுவதற்குள்
ஒச்சுக்காளை பன்னிரண்டு பினியனை
எமரிச் சக்கரத்தில் பிடித்துவிட்டான்.

முகம் பார்க்கலாம்.
பார்த்தேன். என் மூக்குத்தி தெரிந்தது.
குழி ஒன்றுகூடத் தெரியவில்லை.
இரண்டு தலைமுடித் தடிமன்தான் அந்தத் தோல்,
சக்கரத்தடியில்
கறுப்புத் தூளாகக் கிடந்தது.

"நல்லா இருக்கட்டும்னுதான்க்கா."
அவனைத் திட்ட வரவில்லை.
சிவப்புப் பெயிண்டை எடுத்து
ஒவ்வொன்றாக ஒதுக்கினேன்.
பதினொன்று.
மேசைக்கடியில், எண்ணெய்த் தொட்டியில்,
அழுக்குத் துணிக் குவியலில்,
சாயங்காலம் லாரி ஏறிய பெட்டிகளின் சீட்டில்.
பதினொன்று.

"ஒண்ணுதானம்மா, ஓடும்" என்றார் முதலாளி.
ஓடும். ஓடாது என்று யார் சொன்னது?
நாற்றங்காலுக்கு ஓடும், அறுப்புக்கு நெல் இழுக்கும்,
மறுவருஷம்கூட ஓடும்.
பதிவேட்டில் என் கையெழுத்துக்கு மேல்
குறைவு: ஒன்று என்று எழுதினேன்.
அவர் அந்தப் பக்கத்தை வாசிக்காமலே
கையெழுத்துப் போட்டார்.

வீட்டு வாசலில் செருப்பை உதறினால்
நாலைந்து குண்டுகள் உருளும்.
அதை எறும்பு என்று நினைத்து மகன் ஊதுவான்.

மதியம் வேலைக்கு வருகையில்
பஸ் நிற்கும் இடத்தில் வயலுக்குள்
ஏதாவது ஒரு டிராக்டர், சேற்றில், கியர் மாற்றும்.
பேச்சை நிறுத்திவிடுவேன் போல.
பக்கத்து சீட் சவரியம்மா
"என்னடி?" என்பாள்.
ஒண்ணுமில்லை என்று சொல்லப் போய்
ஒண்ணு என்பதோடு
நின்றுவிடுகிறது.