பாதி மடித்த ரப்பர்

எத்தனை மில்லி என்றான் இலியாஸ்.
அறுபத்திரண்டு.
பர்மா பஜார் மேசையில் மூன்று ஹுட்கள்.
இதழ் விரித்த மாதிரி ஒன்று,
கல்யாண வீட்டுக்குச் சரி, பூச்சிக்கு ஆகாதென்று
அவனே தள்ளி வைத்தான்.
உலோகக் குழல் ஒன்று, நல்ல கனம்.
மடங்கும் ரப்பர் ஒன்று.
குழலோடு ரப்பரையும் வாங்கிக்கொண்டேன்,
சந்தேகத்துக்கு.

வியாசர்பாடி மொட்டைமாடி.
பத்தரை மணி வெயில்
தண்ணீர்த் தொட்டியில் பட்டுத் தெறித்து
எடுக்கிற படத்தையெல்லாம் நீர்மோர் ஆக்குகிறது.
கொடிக்கம்பித் துருவில் தாவும் சிலந்தி,
அரிசி அளவு.

குழலை மாட்டினேன்.
அவளுக்கும் எனக்கும் நாலு விரற்கடை;
அதில் மூன்றைக் குழல் தின்றது.
நிழல் மேலே விழ,
பல்லி என்று நினைத்தாளோ,
கம்பிக்கு அடியில் போய்விட்டாள்.
அரைமணி நேரம். கழுத்தெல்லாம் வியர்வை.

ரப்பர்.
முழுசாய் இழுத்தால் அதே கதை.
பாதி மடித்தேன்.
தொட்டியின் வெளிச்சம் வெளியிலேயே நின்றது.
அவள் நிற்கிறாள்.

இரவு பெரிதாக்கிப் பார்க்கிறேன்:
நடுக்கண்ணில் ஒரு கறுப்பு வட்டம்,
என் முகம் இருந்திருக்க வேண்டிய இடம்.
அதைச் சுற்றி மிச்ச வானம்,
காயும் என் நைட்டி,
சிவப்பாய் ஒரு கிளிப்.